மூன்று வண்டிக்கு ஒரு செட் ஸ்பிரிங்

கீழே நின்று ஹாரன் அடித்தே ஐந்து வருடம் என்னை எழுப்பிவிட்ட என் மச்சான் ஜெரோமுக்கு,

அஜ்மானில் மூடுபனி இன்னும் விட்டபாடில்லை. நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இப்போதெல்லாம் என்னை யாரும் எழுப்ப வேண்டியதில்லை, தூங்கினால்தானே எழுப்ப. தினமும் ட்யூட்டிக்குக் கிளம்பும் முன் நம் பில்டிங் பார்க்கிங்கில் ஓர் அட்டையை விரித்து மல்லாந்து படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு டயரின் உள்விளிம்பைத் தடவிப் பார்க்கிறேன். நாலையும் தடவியபிறகுதான் சாவி போடுகிறேன். முதல் வாரம் வாட்ச்மேன் வந்து எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை.

பயம் மச்சான், வேறு ஒன்றும் இல்லை. ஸ்பீடு பிரேக்கரைப் பார்த்தால் பயம். பாலத்தில் ஏறும்போது சக்கரம் 'டொக்' என்றால் பயம். வருகிற வெள்ளிக்கிழமை என் மாலதியும் பாப்பாவும் விசிட் விசாவில் வருகிறார்கள். ஷார்ஜா ஏர்போர்ட்டிலிருந்து இந்த வண்டியில்தான் கூட்டி வர வேண்டும். எட்டு மாதக் குழந்தை, இன்னும் என் முகத்தை நேரில் பார்த்ததில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு மாலதி முன் சீட்டில் உட்காரப் போகிறாள்.

இங்குள்ள நம் தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு உன்னைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். சிரித்த முகம், உதவும் குணம், சீக்கிரமே அழைத்துக்கொண்டார் ஆண்டவர் என்று ஆரம்பித்து மூன்று தடவை கிழித்துப் போட்டேன். எழுத வேண்டியது அதுவல்ல. அதனால் உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

உன்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஜெரோம் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர்க்காரன். ஜெபல் அலியில் ஏசி டக்ட் வரைபடம் போடுகிற வேலை. நான் செல்வம், அறந்தாங்கிக்காரன், ஏசி சில்லர் மெக்கானிக். மூன்றாவது ஆள் கபீர், ராமநாதபுரம், ஷார்ஜாவில் ஸ்டோர் கீப்பர். மூன்று பேருக்கும் ஒரே பில்டிங், ஒரே மாடல் சின்னக் கார், எல்லாம் செகண்ட் ஹேண்ட். ஒருத்தன் வண்டியில் கற்றுக்கொண்ட ரிப்பேர் மற்ற இரண்டுக்கும் ஆகும் என்று நீதான் கணக்குப் போட்டாய். வண்டியைத் தரையோடு தரையாக இறக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டவன் கபீர்.

ஆசை யாரை விட்டது? கடற்கரை ரோட்டில் இந்த ஊர்ப் பையன்களின் வண்டிகள் பதுங்கிப் போவதைப் பார்த்துப் பார்த்து நமக்கும் பித்துப் பிடித்தது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருந்தால் அது வண்டியா, வாடகை டாக்ஸியா என்று கேட்டான் கபீர். ஷார்ஜா சனாயாவில், அந்த ஒர்க்‌ஷாப் பேட்டையில், நமக்கு வழக்கமாக வண்டி பார்க்கிற கான் பாயிடம் போனோம். வண்டியை இறக்குவதற்காக ஸ்பிரிங்கை வெட்ட மாட்டேன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "காட்னே கா காம் மே நஹீ கர்தா." நாம் அடுத்த தெருவில் இன்னொருத்தரைப் பிடித்தோம். கேஸ் டார்ச் வைத்து, ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் கீழேயிருந்து இரண்டு சுற்றை வெட்டி எடுத்துவிட்டார். டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது.

கபீரும் நானும் எங்கள் வண்டியின் சொந்த ஸ்பிரிங்கையே வெட்டினோம். நீ முன்யோசனைக்காரன். பழைய இரும்புக் கடையில் இன்னொரு செட் வாங்கி அதை வெட்டிப் போட்டுக்கொண்டு, ஒரிஜினல் நாலையும் நியூஸ் பேப்பரில் சுற்றிப் பால்கனியில் வைத்தாய். அந்த நாலு ஸ்பிரிங்தான் நம் மூன்று பேருக்கும் படியளந்தது.

எப்படி என்றால், இங்கே வருடா வருடம் முல்கியா என்கிற பதிவு அட்டையைப் புதுப்பிக்கும் முன் வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாஸிங் என்போம். வெட்டிய ஸ்பிரிங்கோடு போனால், அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறவர் பார்த்த மாத்திரத்தில் பெயில் போட்டுவிடுவார். ஆகவே பாஸிங் வருகிறவன் வண்டியில் முந்தின நாள் உன் ஒரிஜினலை ஏற்ற வேண்டியது, பாஸ் பண்ணியதும் கழற்றிவிட்டு வெட்டியதை மாட்ட வேண்டியது. மூன்று வண்டிக்கு ஒரு செட். 'பாஸிங் ஸ்பிரிங்' என்று அதற்குப் பெயரே வைத்தோம். சோதிக்கிறவரை ஏமாற்றிவிட்டதாக நினைத்துப் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம். நாம் யாரை ஏமாற்றினோம் மச்சான்?

போன வருடக் கடைசியில் என் பாஸிங் முடிந்தது. வழக்கப்படி அந்த வாரமே உன் ஸ்பிரிங்கைக் கழற்றியிருக்க வேண்டும். நான் கழற்றவில்லை. வெட்டிய ஸ்பிரிங்கில் தினமும் வேலைக்கு அல் கூஸ் வரை போய் வந்து என் முதுகெலும்பு நொந்து போயிருந்தது, அது உனக்குத் தெரியும். உன் ஸ்பிரிங் ஏறிய பிறகு வண்டி தாலாட்டியது. வலி மாத்திரையை நிறுத்தினேன். இந்த வெள்ளி கழற்றலாம், அடுத்த வெள்ளி கழற்றலாம் என்று மூன்று வாரம் ஓட்டிவிட்டேன்.

அப்போதுதான் நீ மாடி ஏறி வந்தாய். கையில் பேக்ஸ் தாள், பெண்டாட்டி வரப்போகிறாள் என்று முகமெல்லாம் பல்.

"ஏல மச்சான், ஸ்டெல்லாவுக்கு விசா வந்துட்டு. அடுத்த மாசம் வாறா. அந்த ஸ்பிரிங்கக் குடுத்துருல. அவள வச்சுக்கிட்டு இந்த வெட்டுன ஸ்பிரிங்குல ஓட்ட முடியாது, இடுப்பு ஒடிஞ்சிரும்."

கொடுத்திருக்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு மணி நேர வேலை. நான் என்ன சொன்னேன் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயமாக இருந்தது. இப்போது எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும்.

"கான் பாய் ஊருக்குப் போயிட்டாருடா. பெஷாவர். வர இருபது நாள் ஆகும்."

பொய். கான் பாய் எங்கேயும் போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் முதுகு வலிக்காமல் இருக்கட்டுமே என்ற அற்ப ஆசையில் சொன்னது. உன் உயிரோடு விளையாடுகிறேன் என்று நினைத்தா சொன்னேன்? எதையுமே நினைக்கவில்லை.

"சரில, அவரு வரட்டும். ஸ்டெல்லா வாறதுக்கு நாள் கெடக்குல்லா" என்று சொல்லிவிட்டு, என் தட்டிலிருந்து ஒரு பரோட்டாவை எடுத்துக்கொண்டு போனாய்.

அதற்கப்புறம் இருபது நாள். இருபதாவது நாள் வியாழக்கிழமை, நல்ல பனி. காலையில் நீ ஹாரன் அடித்தாய். நான் ஜன்னலைத் திறந்து கை காட்டினேன். உன் பின் விளக்கு இரண்டும் பனிக்குள் மங்கிப் போனதைப் பார்த்துவிட்டுப் பல் தேய்க்கப் போனேன். ஏழரை மணிக்குக் கபீர் போன் பண்ணினான். எமிரேட்ஸ் ரோட்டில் உன் வண்டி தடுப்பில் மோதிக் கவிழ்ந்து கிடக்கிறது என்றான். அவன் சொன்ன குரலிலேயே எனக்கு மீதி தெரிந்துவிட்டது.

உடலை ஊருக்கு அனுப்புகிற வேலைகள் முடிந்து ஒரு வாரம் கழித்து, உன் சாமான்களை எடுக்கப் போலீஸ் யார்டுக்குப் போனேன். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலை அப்படியே இருந்தது. டேஷ்போர்டுக்குள் ஸ்டெல்லாவின் விசா நகல், ஒரு மல்லிகை வாசனைத் திரவியப் பாட்டில், அவளுக்காக வாங்கியதாக இருக்கும். எல்லாவற்றையும் பைக்குள் போட்டேன். கிளம்பியிருக்கலாம். கிளம்பாமல் முன் சக்கரங்களைப் பார்த்தேன்.

வலது முன் டயர்தான் வெடித்தது. அதில் பார்க்க ஒன்றும் மிஞ்சவில்லை. இடது டயர் வெடிக்காமல் முழுசாக இருந்தது. வெளியே நின்று பார்த்தால் கிட்டத்தட்டப் புது டயர். குனிந்து பின்னால் கையை விட்டேன். உள்விளிம்பில் டயரின் வரிப் பூ மருந்துக்கும் இல்லை. ரப்பர் தேய்ந்து வழுவழுவென்று, அதற்குள்ளிருந்து கம்பி வெளியே வந்திருந்தது. என் விரலைக் கிழித்துவிட்டது. வண்டியை அளவுக்கு மீறி இறக்கியதில் சக்கரம் உள்பக்கம் சாய்ந்து, டயரின் ஓரத்தில் மட்டுமே உருண்டிருக்கிறது. வெடித்த டயரும் அப்படித்தானே இருந்திருக்கும்? ஸ்பிரிங்கை வெட்டியபிறகு சக்கரத்தை நேர்படுத்த வேண்டும் என்று நம்மில் ஒருத்தனுக்காவது தோன்றியதா?

போலீஸ் பேப்பரில் டயர் வெடித்துக் கட்டுப்பாடு இழந்தது என்று இருக்கிறது. ஏன் வெடித்தது என்று இல்லை. நான் விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் ஸ்டெல்லா போன் பண்ணினாள். நீ என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்த நாளிலிருந்து அவள் எனக்குத் தங்கச்சி. உன் கல்யாணத்துக்கு நான் லீவில் வந்திருந்தபோது, அண்ணன் முறைக்கு என்னைத்தான் மேடையில் நிறுத்தினீர்கள்.

"அண்ணே, அவிய அனுப்புன போட்டோவுல டயரு புதுசாத்தான இருக்கு. பின்ன எப்படிண்ணே வெடிச்சுது?"

நான் ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினேன். "இங்க சூடு அப்படிம்மா. பகல்ல வெயில், காலையில பனி. ரப்பர் தாங்காது."

"அப்படியாண்ணே" என்றாள். நம்பிவிட்டாள். நான் சொன்னால் நம்பாமல் வேறு யார் சொல்லி நம்புவாள்? அதோடு விடாமல், "உங்க வண்டி டயரயும் பாத்துக்கிடுங்கண்ணே" என்று வேறு சொன்னாள். நான் தினமும் பார்க்கிங்கில் படுத்துக் கிடப்பது அந்த வார்த்தைக்குப் பிறகுதான்.

போன மாதம் கான் பாய் கூப்பிட்டார். "ஜெரோம் கா சாமான் ஆ கயா. லே ஜாவோ."

உன் சாமான் வந்திருக்கிறது, எடுத்துப் போ என்கிறார். உனக்கு என்ன சாமான், எங்கிருந்து வரும் என்று ஒன்றும் புரியாமல்தான் போனேன். ஒர்க்‌ஷாப் மூலையில் இரண்டு அட்டைப் பெட்டி. ஜப்பானிலிருந்து வந்தது. ஒன்றில் ஸ்பிரிங் நாலு, ஒன்றில் ஷாக் அப்சார்பர் நாலு. நம் வண்டியிலேயே ஸ்போர்ட்ஸ் மாடல் என்று ஒன்று உண்டே, அதற்குக் கம்பெனியே போடுகிற செட். நீ ஆர்டர் கொடுத்திருக்கிறாய். ரசீதுத் தேதியைப் பார்த்தேன். நான் உன்னிடம் பொய் சொன்னதற்கு மறுநாள்.

"எங்கே போயிருந்தேன் நான்? இங்கேயேதான் இருந்தேன்" என்றார் கான் பாய். அவருடைய இந்தி அன்றைக்கு எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் விளங்கித் தொலைத்தது. நீ சும்மா ஷாக் விசாரிக்க அந்தப் பக்கம் போயிருக்கிறாய். ஊரில் இருக்க வேண்டிய மனுஷன் கல்லாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து முதலில் திகைத்துப்போய் நின்றாயாம். அப்புறம் பெஷாவர் கதையைச் சொல்லிச் சிரித்தாயாம். செல்வத்தைக் கூப்பிட்டு ஸ்பிரிங்கைத் திருப்பிக் கேட்கட்டுமா என்று கான் பாய் கேட்டதற்கு, "உஸ்கி கமர் மே தர்த் ஹை பாய், ரெஹ்னே தோ" என்றாயாம். அவனுக்கு இடுப்புவலி, இருந்துட்டுப் போகட்டும்.

தெரிந்துகொண்டே இருபது நாள் என்னைப் பார்த்தாயா? தெரிந்துகொண்டேதான் தினமும் ஹாரன் அடித்தாயா? "முதுகு எப்படில இருக்கு?" என்று நீ இரண்டு மூன்று தடவை கேட்டாய், நான் வலிக்கிற மாதிரி நடித்தேன். நீ தலையை ஆட்டிக்கொண்டாய். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என்ன? "குடுல என் ஸ்பிரிங்கை" என்று என் சட்டையைப் பிடித்திருந்தால் இன்றைக்கு நீ இருந்திருப்பாய் அல்லவா? உன் பெருந்தன்மை மீது எனக்கு அவ்வளவு கோபம். அப்புறம் யார் கோபப்பட வேண்டியது என்று நினைப்பு வந்து அடங்கிப்போனேன்.

ரசீதோடு நீ இன்டர்நெட் கஃபேயில் பிரின்ட் எடுத்த தாள்களும் இருந்தன. ஓரமெல்லாம் பென்சிலில் உன் கையெழுத்து. கான் பாயின் ஸ்டூலில் உட்கார்ந்து அங்கேயே படித்தேன். மூன்று விரல் இறக்கினது முட்டாள்தனம், ஒரு விரல் போதும் என்று எழுதியிருந்தாய். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கும்போது ஸ்பிரிங் தன் கிண்ணத்தில் லூசாக ஆடினால் அது எமன் என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தாய். அழகு பார்த்துக் குட்டை ஸ்பிரிங் மட்டும் வாங்காதே, அதற்கென்றே அளந்த ஷாக்கையும் சேர்த்து வாங்கு, இல்லாவிட்டால் பழைய ஷாக் ஆறு மாதத்தில் செத்துவிடும் என்று இன்னொரு பக்கத்தில். பெட்டி ஒரிஜினல், உள்ளே சரக்கு டூப்ளிகேட் என்று சனாயாவில் விற்கிறார்கள், ஸ்பிரிங் மேலேயே அடித்திருக்கும் நம்பரைப் பார் என்று வேறொரு பக்கத்தில். பாஸிங்குக்குக் கழற்ற வேண்டாம் என்று எழுதி அதைச் சுற்றி வட்டம்.

கடைசித் தாளில் ஓர் எடைக் கணக்கு. இந்த இன்டர்நெட் ஃபோரத்தில் எழுதுகிறவன் எல்லாம் தனி ஆளாக ஓட்டுகிறவன், நம் வண்டி என்றைக்குத் தனியாகப் போனது என்று மேலே எழுதிவிட்டு, கீழே ஆள் ஆளாகப் போட்டிருந்தாய். நான் 70. ஸ்டெல்லா 55. கபீர் 75. செல்வம் 82, அடைப்புக்குள் '78 என்று சொல்வான்'. ஏர்போர்ட் போகும்போது பெட்டி, அட்டைப் பெட்டி, அது தனி. இவ்வளவும் ஏற்றிக்கொண்டு ஸ்பீடு பிரேக்கரில் இறங்கினாலும் டயர் எங்கேயும் உரசக் கூடாது, அப்படி ஒன்று வேண்டும் என்று எழுதி முடித்திருந்தாய். நீ வாங்கவிருந்த ஸ்பிரிங்கில் எனக்கும் இடம் போட்டிருக்கிறாய் மச்சான், நான் உன் ஸ்பிரிங்கைத் திருடி வைத்திருந்த நேரத்தில். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். கான் பாய் ஒரு டீயை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆனாலும் அந்தப் பெட்டியைத் தொட எனக்குத் துணிச்சல் வரவில்லை. இறக்கிய வண்டி என்ற பேச்சே வேண்டாம் என்று இருந்தது. புதுசாக ஒரு சாதா செட் வாங்கிப் போடுங்கள் என்று கான் பாயிடம் கெஞ்சினேன். அவர் என் வண்டியை லிப்டில் தூக்கி, சக்கரம் தொங்க விட்டு, உன் புது ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரு பக்கம் மட்டும் மாட்டி, என் கையைப் பிடித்து அதன்மேல் வைத்தார். ஆட்டிப் பார் என்றார். ஆடவில்லை. இரண்டு கையாலும் ஆட்டினேன், கிண்ணத்தை விட்டு ஒரு நூல்கூட நகரவில்லை. "பயப்பட வேண்டியதற்குப் பயப்படு" என்றார். நான் யோசித்துச் சொல்கிறேன் என்று கழற்றச் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் யோசித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கபீர் வந்து கதவைத் தட்டினான்.

"டேய் செல்வம், பாஸிங் ஸ்பிரிங் உன் வண்டியிலதானே கெடக்கு? எனக்குப் புதன்கிழமை பாஸிங். ரெண்டு நாளைக்குக் குடு, திருப்பித் தந்துர்றேன்."

உன் ஸ்பிரிங்கை இரண்டு நாளைக்குக் கேட்கிறான். அவ்வளவு சாதாரணமாக. நீ போனதற்கும் அந்த நாலு ஸ்பிரிங்குக்கும் சம்பந்தம் உண்டு என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சொன்னால்தானே தெரியும்.

"கீழ வா" என்றேன்.

அவன் வண்டி பக்கத்தில் என் அட்டையை விரித்து அவனைப் படுக்கச் சொன்னேன். விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தான்.

"உள்ள கைய விடு. டயருக்குப் பின்னாடி. இன்னும் உள்ள."

சிரிப்பு நின்றது. கையை வெளியே எடுத்துப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் கருப்புத் தூள், நடுவிரலில் பொட்டு ரத்தம். புரியாமல் என்னைப் பார்த்தான்.

"ஜெரோம் வண்டியிலயும் இப்படித்தான் இருந்துச்சு. நான் யார்டுல பாத்தேன்."

"எப்ப?"

"அப்பவே."

எழுந்து உட்கார்ந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அடிக்கவில்லை. "மூணு மாசமாடா?" என்றான். "நான் டெய்லி ரூம் ஆளுக மூணு பேர ஏத்திட்டுப் போறேன்டா. மூணு பேருக்கும் ஊர்ல புள்ளகுட்டி இருக்கு. சவூதியில, அல் கோபார்ல என் தம்பி இதே மாதிரி வெட்டிப் போட்டு ஓட்டிட்டிருக்கான். நீ பாட்டுக்கு உன் டயர மட்டும் தடவிக்கிட்டிருந்தியா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உன் சாவுக்குக் காரணம் நானோ என்று பயந்து பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று மாதமும் நாலு பேர் அந்தக் கம்பி தெரிகிற டயரில் போய் வந்திருக்கிறார்கள். ஒரு காலை வெடித்திருந்தால்? என் பயத்தை நான் பத்திரமாகப் பொத்தி வைத்துக்கொண்டு அவர்களைப் பனிக்குள் அனுப்பியிருக்கிறேன். அந்த அட்டையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கான் பாயைப் பற்றிச் சொன்ன பொய்யையும் அங்கேயே கபீரிடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவன் தம்பிக்குப் போன் போட்டுக்கொண்டே மாடி ஏறினான்.

மறுநாள் கபீர் வண்டியை எடுக்கவில்லை. இருவரும் லீவு போட்டுக் கான் பாயிடம் ஆள் அனுப்பி வண்டியை இழுத்துப் போகச் சொன்னோம். மூன்று வண்டிக்கு ஒரு செட் இருந்தது, இப்போது இரண்டு வண்டிக்கு இரண்டு செட். உன் ஒரிஜினல் ஸ்பிரிங் கபீர் வண்டிக்குப் போனது, இனி அது இறங்காது. நீ ஜப்பானிலிருந்து வரவழைத்தது என் வண்டியில் ஏறியது. இரண்டு வண்டிக்கும் புது டயர் போட்டு, சக்கரத்தை நேர்படுத்தினோம். வெட்டிய ஸ்பிரிங்குகளை வேறு எவனும் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று கான் பாயையே டார்ச் எடுத்து ஒவ்வொன்றையும் துண்டாக்கச் சொன்னேன். வெட்டுகிற வேலை செய்ய மாட்டேன் என்ற மனுஷன் அன்றைக்கு மறுபேச்சில்லாமல் வெட்டினார்.

உன் கணக்குப்படி ஆள் ஏற்றிப் பார்த்தோம். நான் ஓட்டினேன். முன்னால் கான் பாய், பின்னால் கபீர், ஸ்டெல்லாவின் ஐம்பத்தைந்துக்கும் உன் எழுபதுக்கும் அரிசி மூட்டைகள். சனாயாவின் பெரிய ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. "ஆங்க் கோல்கே சலாவோ" என்று கான் பாய் கத்தினார். கண்ணைத் திறந்தேன். நீ இருந்திருந்தால் இன்னும் ஒரு தடவை ஏறு என்றிருப்பாய். ஏறினேன். மூன்று தடவை ஏறினேன்.

வண்டி ஒரு விரல் இறங்கி அடக்கமாக நிற்கிறது. கபீர் வந்து பார்த்து, "அழகாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். என்னோடு இன்னும் முழுசாகப் பேசவில்லை. பேசுவான் என்று நினைக்கிறேன்.

ஸ்பீடு பிரேக்கர் பயம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாலதியையும் பாப்பாவையும் ஏற்றிவிடுவேன். ஆனால் அந்த வண்டிப் பயம் விலகியபிறகுதான் அதற்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த பெரிய பயம் தெரிகிறது. தங்கச்சியின் கேள்விக்கு நான் சொன்ன பதில். வெயில், பனி, ரப்பர். அவள் அதை உன் அம்மாவுக்குச் சொல்லியிருப்பாள், பங்குச் சாமியாருக்குச் சொல்லியிருப்பாள். நாளைக்கு உன் கல்லறைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருப்பாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வியாழக்கிழமை சாயங்காலம், என் பெண்டாட்டி பிள்ளை வந்து இறங்கும் முன், ஸ்டெல்லாவுக்குப் போன் பண்ணுவேன். இந்தக் கடிதத்தை முதல் வரியிலிருந்து வாசிப்பேன். பெஷாவரையும் விட மாட்டேன், விரலைக் கிழித்த கம்பியையும் விட மாட்டேன், நீ சிரித்ததையும் விட மாட்டேன். அவள் கேட்டு முடித்து, போடலாம் என்று சொன்னால்தான் இது மலருக்குப் போகும். அஜ்மானிலோ குவைத் ஃபஹாஹீலிலோ ஸ்பிரிங்கை வெட்டிவிட்டு ஓட்டிக்கொண்டிருக்கிற ஒருத்தன் இதைப் படிக்கிறான் என்றால், அவள் கேட்டுச் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தம். அவன் எழுந்து போய் டயருக்குப் பின்னால் கையை விட்டுப் பார்க்கட்டும்.

வியாழக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. போனை வைக்கும்போது அவள் என்னை என்னவென்று கூப்பிடுவாள் என்று தெரியவில்லை மச்சான். அது தெரியும்வரை இப்படித்தான் கையெழுத்துப் போட முடியும்.

வியாழக்கிழமை வரைக்குமாவது ஸ்டெல்லாவுக்கு அண்ணன்,
உன் மச்சான்,
செல்வராசு